வெளிமாநிலப் பலசரக்குக் கடை நம்ம ஊருக்கு வருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் தகரத் தட்டி, அதன்மேல் 'விரைவில்' என்று ஒரு பதாகை. வேறு மாநிலத்தில் தலைமையிடம் வைத்திருக்கும் பலசரக்கு நிறுவனம் ஒன்று அங்கே கிளை திறக்கப்போகிறது. தூண் எழும்பிய நாளிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை.

நான் இந்தக் கரையோர ஊர்களில் பலசரக்குக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறவன். கடைக்காரர் கேட்கிறார், கணக்கு நோட்டை நான் புரட்டிக்கொண்டிருக்கும்போது சாமான் வாங்க வந்தவரும் கேட்கிறார், வீட்டுக்கு வந்தால் வீட்டிலும் கேட்கிறார்கள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எந்தப் பெயர் வந்திருந்தாலும் கேள்விகள் இவையேதான்.

கம்பெனி நம்ம நாட்டுதா, வெளிநாட்டுதா? வெளிநாட்டுக் கடையை விடமாட்டோம்னு அப்பவே சொன்னாங்களே?

நம் நாட்டு நிறுவனம்தான். நீங்கள் நினைவில் வைத்திருப்பது 2012-ல் நடந்தது. பல கம்பெனிப் பொருள்களை விற்கும் சில்லறைக் கடைகளில் 51 விழுக்காடு வரை வெளிநாட்டு முதலீடு வரலாம் என்று மத்திய அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் அனுமதித்தது. மாநில அரசு சம்மதித்தால்தான் அது செல்லும். தமிழ்நாட்டில் விடமாட்டோம் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்துவிட்டார்.

அந்தக் கட்டுப்பாடு வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும்தான். மும்பையிலோ ஹைதராபாத்திலோ கொல்கத்தாவிலோ பதிவான இந்திய நிறுவனம் இங்கே கடை போட அது தடையாகாது.

அப்ப வரவிடாம தடுக்கவே முடியாதா?

'வெளிமாநிலம்' என்ற காரணத்துக்காகத் தடுக்க முடியாது. எந்தத் தொழிலையும் செய்ய அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. நாடு முழுக்க வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது 301-ஆம் பிரிவு. நம் ஊர்க்காரர் சூரத்தில் கடை போடுவதும் இதே உரிமையில்தான்.

உள்ளாட்சியின் கையில் வேறு சில பிடிகள் உண்டு. கட்டட அனுமதி, தொழில் உரிமம், தீயணைப்புச் சான்று, வண்டி நிறுத்த இடம். அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டினால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். இதில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது வண்டி நிறுத்தம். சந்தை நாளில் அந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மனுக் கொடுக்க நினைப்பவர்கள் அதைப் பற்றிக் கொடுங்கள், கேட்பார்கள்.

எப்படி இவ்வளவு விலை குறைச்சுத் தர முடியுது? கலப்படமா?

கலப்படம் இல்லை. நம் கடைக்காரர் பருப்பை விருதுநகரிலிருந்தோ மதுரை கீழமாசி வீதியிலிருந்தோ மூட்டைக் கணக்கில் எடுக்கிறார். நடுவில் தரகு, லாரி வாடகை, இறக்குக் கூலி. அவர்கள் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து மில்லிலிருந்தே நேராக எடுக்கிறார்கள். சோப்பு, பற்பசைக் கம்பெனிகளிடமும் டீலரைத் தாண்டி நேரடியாகப் பேசுகிறார்கள். டீலருக்குப் போகிற பங்கு அவர்களுக்கு மிச்சம். டீமார்ட் போன்றவை பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் நடப்பதால் வாடகைச் செலவும் குறைவு.

இன்னொன்று, எல்லாப் பொருளும் மலிவாக இருக்காது. சர்க்கரை, எண்ணெய், வெங்காயம் மாதிரி எல்லாருக்கும் விலை மனப்பாடமான நாலைந்து பொருளை அடிவிலைக்கு விற்பார்கள். போர்டில் பெரிதாக எழுதியிருப்பதும் அவற்றைத்தான். அதற்காக உள்ளே போகிறவர் பிஸ்கட், வாளி, தலையணை உறை என்று வண்டியை நிரப்புவார். லாபம் அந்த வாளியில் இருக்கிறது.

அப்ப அண்ணாச்சி இத்தனை வருஷமா நம்மகிட்ட கூட வாங்கிட்டு இருந்தாரா?

இதைக் கேட்காதவர் இல்லை. அவர் கணக்கை எழுதுகிறவன் சொல்கிறேன்: கம்பெனிச் சரக்கில் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் நின்றால் அவருக்கு அது நல்ல நாள். சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிலோவுக்கு ஒன்றோ இரண்டோ. அதிலிருந்து கரண்ட், வாடகை, பையன் சம்பளம், எலி கடித்த மூட்டை, தேதி போன பிஸ்கட். டீலர் அவருக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவாகப் பெரிய கடை உங்களுக்கே விற்கும் நாள்களும் உண்டு. ராமநாதபுரத்தில் அப்படி ஒரு தள்ளுபடி வந்தபோது, எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்கள் சொந்தக்காரர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு 2 கிலோ சர்க்கரை வாங்கி வந்து தங்கள் கடையில் விற்றார்கள்.

ஏமாற்றும் கடையே கிடையாது என்று சொல்லவில்லை. குளிர்பானத்துக்கு 'கூலிங் சார்ஜ்' என்று அச்சிட்ட விலைக்கு மேல் 2 ரூபாய் வாங்குவது சட்டப்படி குற்றம். அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். குறைத்து விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது. நம் கடைத்தெருவில் இதைப் பலர் செய்கிறார்கள். எனக்கு வாடிக்கையாளர்களாக இருப்பவர்களும் செய்கிறார்கள்.

சரி, நமக்கு மாசம் நெசமா எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு படகுக் குடும்பத்தின் மாதச் சாமான் செலவு 5,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் பெரிய கடைக்கு மாறக்கூடியது ஏறத்தாழ 3,000. மீதி 2,000 மாறாது. மாலையில் பிள்ளையை அனுப்பி 10 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய்க்குக் கடுகு, ஒரு சாஷே ஷாம்பு என்று வாங்குவது அது. அதற்காக யாரும் பேருந்து நிறுத்தம் வரை நடக்கமாட்டார்கள். 3,000-க்கு ஆறேழு விழுக்காடு குறைந்தால் ஏறத்தாழ 200 ரூபாய். இது பல வீட்டுச் சிட்டைகளைப் பார்த்து நான் போட்ட கணக்கு; உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ரேஷன் அரிசியும், 30 ரூபாய்த் துவரம்பருப்பும், 25 ரூபாய்ப் பாமாயிலும் வாங்கும் வீடுகளுக்கு மிச்சம் இன்னும் குறைவு. அந்த விலையை எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் எட்டாது. போக்குவரத்துச் செலவு பெண்களுக்குப் பெரிதாக இருக்காது; 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் அவர்களுக்குக் கட்டணமில்லை. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கூட்டம் வரும் என்று அந்த நிறுவனம் கணக்குப் போட்டதற்கு இந்தப் பேருந்தும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

அங்க பற்று வைக்க முடியுமா?

முடியாது. கடனுக்கு இடமில்லை. கார்டு, ஜி பே, ரொக்கம், அவ்வளவுதான். 'அப்பா கடலுக்குப் போயிருக்கு, வந்ததும் தர்றோம்' என்று பில் போடும் பிள்ளையிடம் சொன்னால் அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் பில்லை எப்படி முடிக்கும்?

இந்தக் கரையில் பலசரக்குக் கடை அரிசி, பருப்போடு அவகாசத்தையும் சேர்த்து விற்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாக் நீரிணைப் பக்கம் மற்ற மாதங்களிலும் வாரத்தில் 3 நாள்தான் விசைப்படகு கடலுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அந்த மூன்றும் போச்சு. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? நாட்டுப்படகுக்குத் தடையில்லை என்றாலும் அந்த வீடுகளிலும் வரும்படி ஒரே சீராக இருப்பதில்லை. இத்தனையையும் தாங்குவது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் 80 பக்க நோட்டு. நான் கணக்கு எழுதும் ஒரு சிறிய கடையில் மே மாதக் கடைசியில் பற்று மட்டும் 3 லட்சத்தைத் தாண்டும். ஆடி பிறக்கும்போது அதில் பாதிதான் திரும்பி வந்திருக்கும்.

அந்த நோட்டும் முழுக்கத் தர்மம் இல்லை. பற்றில் எழுதும்போது கிலோவுக்கு 1 ரூபாய், 2 ரூபாய் கூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. யாரும் வட்டி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். பற்று வைத்திருக்கும் வீட்டுப் பெண், 'இந்தப் பருப்பு வேகல அண்ணாச்சி' என்று சொல்ல யோசிக்கிறாள். அதுவும் ஒரு விலைதானே.

தடைக்காலத்துக்குத் தண்டல் வாங்கிக்கிட்டு, மத்த பத்து மாசமும் பெரிய கடையில வாங்கினா லாபம்தானே?

ஒரு மகளிர் குழுத் தலைவி கேட்டது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேலே சொன்னபடி மாதம் 200 என்றால் பத்து மாதத்துக்கு 2,000 மிச்சம். தடைக்காலத்துக்கு 10,000 தண்டல், அதாவது நாள்தவணைக் கடன், எடுத்தால் கையில் வருவது 9,000 அல்லது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆக, செலவு 1,000 முதல் 1,500. கணக்குப்படி அந்த அக்கா சொன்னதுதான் சரி. 500 முதல் 1,000 வரை கையில் நிற்கிறது. தண்டலுக்குப் பதில் குழுக் கடன் எடுத்தால் இன்னும் நிற்கும்.

இரண்டே சிக்கல். அந்த 200-ஐ மாதாமாதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும், வாளியைப் பார்த்தால் வாங்கக் கூடாது. தண்டல்காரர் முதல் தவணைக்கு மறுநாள் காலையே வந்து நிற்பார், படகோ கரையில் கட்டிக் கிடக்கும். 'அது சரி' என்று சிரித்துவிட்டுப் போனார் அந்த அக்கா. அவர் எடுத்து வைப்பார் என்றே நினைக்கிறேன். என் வீட்டில் நடக்காது.

பழைய பாக்கி இருக்கும்போது அங்க போய் ரொக்கத்துக்கு வாங்குறது தப்பா தம்பி?

சட்டத்தில் தப்பில்லை. மனசில் உறுத்துவதால்தான் கேட்கிறீர்கள்.

இந்தப் பெரிய கடையைப் பற்றி என் பயமே இதுதான். மக்கள் அங்கே போவதில் ஒன்றுமில்லை. பணம் இருக்கும் மாதம் அங்கே, இல்லாத மாதம் இங்கே என்று பிரிந்தால் எந்தச் சின்னக் கடையும் இரண்டு வருஷம் தாங்காது. ரொக்கத்துக்கு வாங்குபவர் போடும் பணத்தில்தான் கடைக்காரர் டீலருக்குக் கட்டுகிறார். டீலர் கொடுக்கும் அவகாசத்தில்தான் உங்களுக்குப் பற்று ஓடுகிறது. ரொக்கம் நின்றால் டீலர் 'பழசைக் கட்டு' என்பான், அடுத்த வாரம் நோட்டும் மூடும். அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: அங்கே போகும் நாளில், போகிற வழியில், 500-ஓ 1,000-ஓ பாக்கியில் கட்டிவிட்டுப் போங்கள். அவரிடம் சொல்லிவிட்டே போங்கள்.

எனக்கு 14,000 பாக்கி வச்சவரு அந்தக் கடைப் பையைத் தூக்கிக்கிட்டு என் வாசல் வழியாவே போவாரு. அப்ப கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் பையைப் பார்த்துக் கேட்காதீர்கள். பாக்கியைக் கேளுங்கள். தெருவில் வைத்துக் கேட்டால் அந்த 14,000-உம் போகும், அவருடைய தங்கை வீட்டுப் பற்றும் போகும்.

காகிதத்தைச் சரிசெய்வது அதைவிட முக்கியம். கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் அவர் பகுதிப் பணம் கட்டி அது அவர் கையெழுத்தில் பதிவானால், அல்லது 'இவ்வளவு தர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், கெடு புதிதாகத் தொடங்கும். 14,000-க்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. நோட்டில் அவர் கையெழுத்து இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வெளியூர்க்காரனை விடக்கூடாது, விட்டா ஊரே போயிடும்கிறாங்களே?

எங்கள் கரையில் நின்று இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினத்து மரைக்காயர்கள் எத்தனை துறைமுகங்களில் கடை வைத்தவர்கள்! கொழும்பிலும் பினாங்கிலும் சென்னையிலும் நம் ஆள்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் கல்லாவில் உட்கார்ந்தார்கள். இன்று நம் தெருவில் இருக்கும் அண்ணாச்சியின் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு தராசோடு வந்து இறங்கியவர்தான். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வரும் சபராளிகள் துபாயிலும் தோஹாவிலும் பெரிய பெரிய கடைகளில் வண்டி தள்ளிப் பழகியவர்கள். அவர்கள் வீடுகளுக்கு இது ஒரு புதுமையே இல்லை.

விற்கிற சரக்கைப் பார்த்தாலும் அப்படித்தான். அண்ணாச்சி கடைத் துவரம்பருப்பு கர்நாடகத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வருகிறது, பாமாயில் கடல் தாண்டி வருகிறது. எங்கிருந்து வந்தார் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு பெரியவர், கஷ்ட காலத்தில் கதவைத் திறந்து வைப்பாரா என்று பார்ப்பது நல்லது.

அங்க வாங்கினா வரிப்பணமெல்லாம் அவங்க மாநிலத்துக்குப் போயிடுமாமே?

போகாது. ஜி.எஸ்.டி. பொருள் விற்கப்பட்டுச் செலவாகும் மாநிலத்துக்குச் சேரும் வரி. நிறுவனத்தின் தலைமையிடம் எங்கே இருந்தாலும் இங்கே கடை நடத்தத் தமிழ்நாட்டில் தனிப் பதிவு எடுத்தாக வேண்டும். பில்லைப் பாருங்கள்: பதிவு எண் 33 என்று தொடங்கினால் அது தமிழ்நாட்டுக் கணக்கு. வரியில் பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு.

லாபம் வெளியே போகும் என்பது உண்மை. அண்ணாச்சியின் லாபம் ஊர்த் திருவிழாச் சீட்டிலும், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குக் கொடுக்கும் அரிசியிலும், பக்கத்து மனையிலும் போய் விழுகிறது. இதை ஜி.எஸ்.டி. படிவத்தில் காட்ட வழியில்லை.

நம்ம மிளகாய், கருப்பட்டி, உப்பெல்லாம் அங்க விப்பாங்களா?

உப்பிலிருந்து தொடங்குவோம். நம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் 1970-களிலிருந்து இருக்கிறது. ஆனாலும் கடைத் தட்டில் குஜராத் கடற்கரை உப்பையும் நீங்கள் பார்க்கலாம். பெரிய கடை வந்தபின் வரப்போகும் பழக்கமில்லை இது. நம் கடைகளிலும் ஏற்கெனவே அப்படித்தான்.

மிளகாய்க் கதை வேறு. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. பெரிய கடை விற்பது பொட்டலத் தூள். அதில் எந்த ஊர் மிளகாய் என்று யாருக்குத் தெரியும்? முண்டு வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மல்லியோடு மில்லில் அரைக்கிறவர்கள் இருக்கும் வரை பரமக்குடி, எட்டிவயல் சந்தைகளுக்குக் கேடில்லை. அரைக்கும் பழக்கம் விட்டுப்போனால்தான் கேடு, அதற்குப் பெரிய கடை மட்டும் பொறுப்பில்லை. கருப்பட்டியைத் தட்டில் வைப்பார்கள், அழகான டப்பாவில். சாயல்குடிப் பக்கத்துப் பனையேறியிடம் நேராக வாங்கச் சொல்லி வணிகர்களும் குழுக்களும் இப்போதே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். கிளை மேலாளருக்கு அந்த அதிகாரம் இருக்காது. மண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

மீன்?

ஐஸ் பெட்டி மீனை நம் ஊரில் விற்க வருகிறவரின் துணிச்சலை நானும் பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்ல?

கிடைக்கும். பில் போட, தட்டு அடுக்க, காவலுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள்தான் வேண்டும். வருகிறவர்கள் பேசுவது தமிழ்தானே. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ., 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். அண்ணாச்சி கடைப் பையனுக்கு இரண்டும் கிடையாது, தீபாவளிக்குச் சட்டை உண்டு. வேலைக்கு எடுப்பது நிறுவனமா, ஒப்பந்தக்காரரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டை யார் தருகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நாள் முழுக்க நிற்க வைத்தால் பேசாமல் இருக்க வேண்டாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டமே திருத்தியிருக்கிறது.

உண்மையச் சொல்லுங்க, பொம்பளைகளுக்கு அங்க வாங்குறது நிம்மதிதானே?

நிம்மதிதான். கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) சொன்னதை மறக்க முடியவில்லை: 'நாப்கின் கேட்டா கடையில நிக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரும் அமைதியாயிடுறாங்க. அவரு அதைப் பேப்பர்ல சுத்தி, கறுப்புப் பையில போட்டு, ஏதோ கள்ளக்கடத்தல் மாதிரி நீட்டுறாரு.' பெரிய கடையில் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போகலாம். பொருளைத் திருப்பித் தேதி பார்க்கலாம், விலை பார்த்துத் திரும்ப வைக்கலாம். 'என்ன வேணும்?' என்று யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நம் கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால் 'அதுக்கெல்லாமா கடை மாறுவாங்க?' என்கிறார்கள். மாறுவார்கள். 200 ரூபாய் மிச்சத்தைவிட இதற்காக மாறுகிறவர்கள் அதிகம் இருப்பார்கள்.

பில் போடும்போது போன் நம்பர் கேக்குறாங்க. கொடுக்கலைன்னா?

கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நம்பர் தராவிட்டால் பில் இல்லை என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். பை கொண்டு போய்விடுங்கள், அங்கே பைக்குத் தனிக் காசு. மஞ்சப்பை இருக்கவே இருக்கிறது.

திறப்பு விழா அன்னைக்குக் கடையடைக்கணும்னு சங்கத்துல பேசுறாங்க. அடைக்கவா?

மே 5 வணிகர் தினத்துக்கு அடைப்பது வேறு. அது நமக்குள் ஒரு கூடல். 2017 மார்ச் முதல் வெளிநாட்டு குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்ததும் வேறு. அப்போது கடை திறந்திருந்தது, பாட்டில்தான் இல்லை. எதிரில் புதுக்கடை திறக்கும் அன்று ஊர்க் கடைகள் எல்லாவற்றையும் பூட்டினால், பால் வாங்க வந்தவர் எங்கே போவார்? அவர்களுக்கு நாமே ஆள் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். கூட்டத்தில் இதைச் சொன்னேன். பாதிப் பேர் முறைத்தார்கள்.

அப்ப என்னை மாதிரி சின்னக் கடைக்காரன் என்னதான் செய்றது?

சர்க்கரை விலையில் மல்லுக்கட்டாதீர்கள், தோற்பீர்கள். முன்பு சொன்ன 2,000 ரூபாய்ச் சில்லறை வியாபாரம் உங்களுடையது. அதைக் கெட்டியாகப் பிடியுங்கள். காலை 5 மணிக்குக் கடலுக்குப் போகிறவருக்கு பீடி, பன், தண்ணீர் பாட்டில் கொடுக்க ஷட்டரை யார் தூக்குகிறாரோ, அவருக்கே அந்த வீட்டு மாலை வியாபாரமும். விலையை எழுதி ஒட்டுங்கள். தேதி போனதை எடுத்து எறியுங்கள். தராசுக்கு ஆண்டு முத்திரை போடுங்கள். நாப்கினை ஆள் எடுக்கும் உயரத்தில் வெளியே வையுங்கள். பற்றை நிறுத்தாதீர்கள், ஆனால் வீட்டுக்கு ஒரு வரம்பு வைத்து, இரு நோட்டு போடுங்கள், ஒன்று அவர்கள் கையில்.

நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரே லாரியில் விருதுநகர்ச் சரக்கு எடுத்தால் வாடகை பாதியாகும். இதைப் பத்து வருஷமாகச் சொல்கிறேன். ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் என்று யாரும் சம்மதிப்பதில்லை. கணக்கு விஷயம் ஒன்று: ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், வரியில்லாத சில்லறை அரிசியும் அந்த 40-ல் சேரும். ஒன்றரைக் கோடி வரை இணக்க வரித் (காம்பொசிஷன்) திட்டத்தில் 1 விழுக்காடு கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வாங்குபவரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது.

நம்ம கடையெல்லாம் மூடினதும் விலையை ஏத்திடுவாங்களே? இல்ல, அவங்களே மூடிட்டுப் போயிட்டா?

அச்சிட்ட விலைக்கு மேல் போக முடியாது. தள்ளுபடி சுருங்கலாம், சில்லறைப் பருப்பு, காய்கறியில் விலை அவர்கள் வைத்ததுதான். போட்டியை ஒழிக்க அடக்கத்துக்கும் கீழே விற்பதை 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அந்த நிறுவனம் சந்தையில் ஆதிக்கம் செலுத்துகிறது என்று முதலில் காட்ட வேண்டும். ஒரு கடற்கரை ஊரை வைத்துக்கொண்டு டெல்லியில் இருக்கும் போட்டி ஆணையத்தில் அதை நிரூபிப்பது நடக்கிற காரியமா?

மூடிட்டுப் போவது கற்பனை இல்லை. சென்னையில் 1997-ல் தொடங்கிய சுபிக்ஷா நாடு முழுக்க 1,500-க்கும் மேற்பட்ட கடைகள் வரை வளர்ந்து, 2009-ல் சம்பளம் கொடுக்கப் பணமின்றி அப்படியே நின்றுபோனது. அது நம் மாநிலத்து நிறுவனம் என்பதையும் கவனியுங்கள். பெரிய கடை ஒன்று போனால் கட்டடம் நிற்கும். அதற்குள் மூடிவிட்ட நோட்டுக் கடை திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும். இன்னார் வீடு எப்போது கொடுக்கும், எப்போது கொடுக்காது என்பது ஒருவர் மனப்பாடத்தில் ஏற அத்தனை காலம் பிடிக்கிறது.

எல்லாம் சரி, எப்பத்தான் திறக்குறாங்க?

பதாகையில் 'விரைவில்' தான். சித்திரையில் திறப்பார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. உள்ளே வயரிங் வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். ஜூன் கடைசி வாரம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். தடைக்காலம் முடிந்து 15-ஆம் தேதி படகு கிளம்பி, முதல் பாடு (பிடிப்பு) இறால் ஏலம் போய், கையில் காசு வந்திருக்கும் நேரம்.